இரட்டை தரையில் இருந்தால் போதாது: ஆழ்விண்வெளி வாழிடங்களை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

மனிதர் தங்கும் ஆழ்விண்வெளி வாழிடங்களைத் திட்டமிடும் விண்வெளி நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவற்றுக்கான டிஜிட்டல் இரட்டைகளை, அதாவது வாழிடத்தின் நிலையைக் கணினிக்குள் பின்தொடரும் மாதிரிகளை, உருவாக்கிவரும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் பல ஆண்டுகளாகக் குழாய், பம்பு, வால்வு ஆகியவற்றில் பழுதறியும் வேலை செய்பவன். விண்வெளித் திட்டம் எதிலும் பங்கேற்றதில்லை. ஆயினும், நீங்கள் கட்டவிருக்கும் வாழிடம் காற்றையும் நீரையும் வெப்பத்தையும் ஓயாமல் சுற்றிவிடும் ஓர் ஆலைதான் என்பதால் இதை எழுதத் துணிந்தேன். அந்த ஆலைக்குள்ளேயே சிலர் உறங்கி எழுகிறார்கள் என்பதும், பழுது பார்க்க வெளியிலிருந்து ஒருவரும் வர முடியாது என்பதும்தான் அதை மற்ற ஆலைகளிலிருந்து பிரிக்கின்றன. உங்களிடம் வைக்க எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வாழிடத்தின் டிஜிட்டல் இரட்டை, உள்ளே வாழ்பவர்களின் கைக்கருவியாக முதல் நாளிலிருந்தே வடிவமைக்கப்பட வேண்டும். தரைக்கட்டுப்பாட்டு மையத்தின் உடைமையாகப் பிறந்து, கடைசி நேரத்தில் நகலெடுத்து மேலே அனுப்பப்படும் மென்பொருளாக அது இருக்கக் கூடாது.

இரட்டை என்ற சொல் இப்போது எந்தக் கணினி மாதிரிக்கும் வழங்கப்படுவதால், நான் எதைக் குறிக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2002இல் மைக்கேல் கிரீவ்ஸ் இந்தக் கருத்தை முன்வைத்தார். நாசாவின் ஜான் விக்கர்ஸ் அதற்கு இந்தப் பெயரைத் தந்தார். ஒரு பம்பின் வரைபடம் அந்த வகைப் பம்புகள் எல்லாவற்றையும் பற்றிப் பேசும். இரட்டையோ, பல்லாயிரம் மணி நேரம் ஓடித் தேய்ந்த, சென்ற மாதம் பேரிங் மாற்றப்பட்ட, சற்றே அதிக மின்சாரம் இழுக்கும் இந்த ஒரு பம்பைப் பற்றி மட்டும் பேசும். சென்சார்கள் தரும் அளவீடுகளை இடைவிடாமல் பெற்று, அந்தப் பொருளோடு சேர்ந்து தானும் மூப்படைவதால்தான் அது இரட்டை ஆகிறது. மூப்படையாத மாதிரியை நான் இரட்டையாக எண்ணுவதில்லை.

இக்கருத்தின் முன்னோடியாகப் பலரும் அப்பல்லோ 13ஐக் காட்டுவார்கள். 1970 ஏப்ரலில், நிலவை நோக்கிய பயணத்தின் நடுவே ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்ததும், அதில் சென்ற மூன்று வீரர்களும், நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த சிறு கலத்துக்குள் ஒதுங்கினர். இருவருக்கென வடிவமைக்கப்பட்ட கலத்தில் மூவர் மூச்சுவிட, கரியமில வாயு ஏறத் தொடங்கியது. தாய்க்கலத்தின் வடிகட்டிகள் சதுரமாக இருந்தன. இறங்குகலத்தின் பொருத்துவாய்களோ வட்டமாக இருந்தன. கலத்தில் கிடைக்கும் பொருள்களை மட்டும் வைத்துத் தரையிலிருந்த பொறியாளர்கள் ஓர் இணைப்பைச் செய்து பார்த்தார்கள்; அதன் செய்முறையைப் படிப்படியாகப் படித்துச் சொல்ல, மேலே இருந்தவர்கள் கேட்டுக்கேட்டுச் செய்தார்கள். அணைந்து குளிர்ந்து கிடந்த தாய்க்கலத்தை மீண்டும் இயக்குவதற்கான வரிசையைக் விண்வெளி வீரர் கென் மேட்டிங்லி உள்ளிட்டோர் தரையிலிருந்த சிமுலேட்டரில், அதாவது கலத்தைப் போலவே இயங்கும் பயிற்சிக் கருவியில், ஒத்திகை பார்த்தனர்.

இந்த நிகழ்விலிருந்து தவறான பாடத்தை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோமோ என்று எனக்கு ஐயம் உண்டு. சிமுலேட்டர் தரையில் இருந்தது, அதை இயக்கியவர்கள் தரையில் இருந்தார்கள், ஆனாலும் மூவரும் பிழைத்தார்கள் என்பது உண்மை. அவர்கள் பேசிய குரல் பூமியை எட்ட ஒரு நொடிக்குச் சற்றே மேல்தான் ஆயிற்று என்பதும் அதே அளவுக்கு உண்மை. செவ்வாயிலிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர, இரு கோள்களும் நிற்கும் இடத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். மிகத் தொலைவில் இருக்கும்போது கேள்வி ஒன்றுக்கு உடனே பதில் சொன்னாலும், அந்தப் பதில் கேட்டவரின் காதில் விழ 44 நிமிடங்கள் கழிந்துவிடும். போதாததற்கு, ஏறக்குறைய 26 மாதங்களுக்கு ஒருமுறை சூரியன் இடையில் வந்து நிற்பதால், செவ்வாயிலுள்ள கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதைச் சுமார் இரண்டு வாரங்கள் நிறுத்திவைக்கிறார்கள். அந்த இரண்டு வாரங்களும் வாழிடத்தில் இருப்பவர்கள் தனியர்.

புவியை 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000 நவம்பர் முதல் இன்றுவரை மனிதர் இடைவிடாமல் தங்கிவருகிறார்கள். இந்தச் சாதனைக்குப் பின்னால், இரவும் பகலும் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தரைக் குழுக்களும், உதிரிப்பாகங்களைச் சுமந்து செல்லும் சரக்குக் கலங்களும், நிலைமை மோசமானால் சில மணி நேரத்தில் பூமிக்குத் திரும்பலாம் என்ற உறுதியும் இருக்கின்றன. செவ்வாய்ப் பயணத்தில் மூன்றும் இல்லை. ஆகவே தன்னாட்சி என்று நாம் சொல்வது, எல்லாவற்றையும் இயந்திரமே பார்த்துக்கொள்ளும் நிலையைக் குறிக்கக் கூடாது. பூமியைக் கேட்காமல் குழுவினர் சரியான முடிவெடுக்கக்கூடிய நிலையையே அது குறிக்க வேண்டும். தரையில் பல துறை வல்லுநர்கள் மனத்தில் வைத்திருக்கும் அறிவை நான்கு பேர் கையில் கொடுப்பதுதான் இரட்டையின் வேலை.

அந்த வேலை எத்தகையது என்பதை விளக்க 2015 ஜனவரி 14ஆம் நாளை எடுத்துக்கொள்கிறேன். நிலையத்தின் அமெரிக்கப் பகுதிக்குள் அமோனியா கசிந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை ஒலித்தது. வெளிப்புறக் குளிர்விப்புச் சுற்றில் ஓடும் அமோனியா உள்ளே புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், அங்கிருந்தவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரஷ்யப் பகுதிக்குச் சென்று கதவை அடைத்துக்கொண்டார்கள். தரையில் இருந்தவர்கள் மணிக்கணக்கில் அளவீடுகளை ஆராய்ந்தபின், கசிவே இல்லை, கணினிப் பெட்டி ஒன்றில் ஏற்பட்ட கோளாறுதான் பொய்யான அளவீட்டைக் கொடுத்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அன்றே குழுவினர் முகக்கவசம் அணிந்து திரும்பிச் சென்று காற்றைச் சோதித்தார்கள்.

இத்தகைய இடத்தில் நல்ல இரட்டை ஒன்று என்ன செய்யும்? அமோனியா உண்மையாகவே கசிந்திருந்தால் நீர்ச்சுற்றின் அழுத்தம், அறையின் காற்றழுத்தம், வெளிச்சுற்றில் எஞ்சியிருக்கும் அமோனியாவின் அளவு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தும்படி மாற வேண்டும் என்பது இயற்பியல். ஒரே மின்னணு அட்டை வழியாக வரும் அளவீடுகள் மட்டும் மாறி, மற்றவை அசையாமல் இருந்தால் ஐயம் அந்த அட்டையின் மீது விழ வேண்டும். இந்த ஒப்பீட்டைக் களைக்காமல், பதறாமல், நொடிக்கு நொடி செய்ய இரட்டையால் முடியும். எனினும், ‘இது பொய் எச்சரிக்கைதான், வெளியேற வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரத்தை நான் அதற்குத் தர மாட்டேன். நச்சு வாயு என்ற ஐயம் எழுந்தால் முதலில் வெளியேறுவதே சரி. வெளியேறியபின் திரும்புவதற்கு ஆகும் காலத்தைக் குறைப்பதும், எந்த அளவீட்டை நம்பித் திரும்புகிறோம் என்பதைக் குழுவினர் தாங்களே பார்த்துத் தெளியச் செய்வதும் இரட்டையின் பங்காக இருக்கட்டும்.

உங்கள் வரைபடங்களில் நான் அடிக்கடி காணும் ஒரு குறையைப் பற்றிச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கருவிகளுக்கு இரட்டை இருக்கிறது. அவற்றோடு வாழும் மனிதர்களோ, நாளொன்றுக்கு இவ்வளவு ஆக்சிஜன் எடுத்து இவ்வளவு கரியமில வாயு விடுவார்கள் என்ற ஒரு மாறா எண்ணாக எழுதப்பட்டிருக்கிறார்கள். 2008 நவம்பரில் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுநீர் மறுசுழற்சிக் கருவி, 85 விழுக்காடு நீரை மீட்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. தரையில் நன்றாகவே இயங்கிய அந்தக் கருவியில் நீரை ஆவியாக்கிப் பிரிக்கும் வடிகலன், விண்வெளியில் கால்சியம் சல்ஃபேட் படிந்து அடைத்துக்கொண்டது. எடையற்ற நிலையில் எலும்பு கரைவதால் வீரர்களின் சிறுநீரில் கால்சியம் கூடியிருந்தது. சிறுநீர் கெடாமலிருக்கச் சேர்த்த கந்தக அமிலத்தின் சல்ஃபேட்டோடு அது சேர்ந்து படிவாயிற்று. மீட்கும் அளவைக் குறைத்துத்தான் கருவியைத் தொடர்ந்து ஓட்ட முடிந்தது. பிற்காலத்தில் கந்தக அமிலத்துக்குப் பதிலாகப் பாஸ்பாரிக் அமிலத்தைப் பயன்படுத்திய பிறகே பழைய இலக்கு மீண்டும் கைக்கு எட்டியது. 2023இல் ஒட்டுமொத்த நீர் மீட்பு 98 விழுக்காட்டை எட்டியிருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இப்படிப் பல ஆண்டுத் திருத்தங்கள் இருக்கின்றன.

எலும்புக்கும் வடிகலனுக்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருக்கும் என்று கருவியை மட்டும் பார்த்த எந்த மாதிரியும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. வாழிடத்தில் உடற்பயிற்சி ஒரு மணி நேரம் கூடினால் வியர்வை கூடும், ஈரப்பதம் கூடும், நீர்ப்பிடிப்பானின் சுமை கூடும், குளிர்விப்பின் மின்தேவை கூடும். மருத்துவர் ஒரு துறையிலும் நீர்ப்பொறியாளர் வேறொரு துறையிலும் தனித்தனி இரட்டைகளைச் செய்துகொண்டிருந்தால் இந்தச் சங்கிலி யார் கண்ணிலும் படாது. 2019இல் நாசா நிதியளித்துத் தொடங்கிய இரு ஆய்வு நிறுவனங்கள், ஒன்று கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையிலும் மற்றொன்று பர்டியூ பல்கலைக்கழகத்தின் தலைமையிலும், வாழிடத்தை ஒன்றோடொன்று பிணைந்த அமைப்புகளின் தொகுதியாகவே நோக்கின என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். அந்த நோக்கு மனித உடலையும் உள்ளடக்கி விரிய வேண்டும். அப்படி விரியும்போது, ஒருவரின் உடல்நிலை குறித்த விவரங்கள் அவர் ஒப்புதல் இன்றிப் பூமிக்கு அனுப்பப்படக் கூடாது என்ற விதியும் எழுதப்பட வேண்டும். தம்மைக் கண்காணிக்கும் கருவி என்று குழுவினர் கருதத் தொடங்கினால், அதற்கு உண்மையான விவரங்களைத் தர மாட்டார்கள்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நீர் சுத்திகரிப்பு ஆலையில் மிக நேர்த்தியான கணினி மாதிரி ஒன்று இருந்தது. ஒரு நாள் இரவுப் பணியில் இருந்தவர்கள், பழுதான வால்வுக்குப் பதிலாக அளவில் சற்றே வேறுபட்ட மற்றொன்றைப் பொருத்தி ஆலையை ஓடவிட்டார்கள். அது திறமையான வேலை. அதைப் பதிவுப் புத்தகத்தில் எழுதவும் செய்தார்கள். மாதிரிக்குச் சொல்லத்தான் எவருக்கும் வழி தெரியவில்லை. மறுநாளிலிருந்து அந்த மாதிரி, உண்மையில் இல்லாத கசிவொன்றை அறிவித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் ஒரு வாரம் அந்தக் கசிவைத் தேடினோம். பிறகு அதன் எச்சரிக்கைகளையே பொருட்படுத்தாமல் விட்டுவிட்டோம். சில மாதங்கள் கழித்து உண்மையான கசிவு வந்தபோது, அதை அறிவித்த மாதிரியை நம்ப அங்கே யாரும் இருக்கவில்லை. அன்று நானும் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனவர்களில் ஒருவன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

ஆழ்விண்வெளியில் கைவேலைத் திருத்தங்கள் அன்றாட நிகழ்வாக இருக்கும். உதிரிப்பாகம் தீர்ந்தால் வேறொரு கருவியிலிருந்து கழற்றிப் பொருத்துவார்கள். முப்பரிமாண அச்சில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வார்கள். 2020 அக்டோபரில் விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியில் உள்ள ஸ்வெஸ்தா என்ற அறைத்தொகுதியில் காற்றுக் கசியும் இடத்தைக் கண்டறிய, குழுவினர் தேயிலைத் துணுக்குகளை அறைக்குள் மிதக்கவிட்டுக் கதவை மூடி, அவை எந்தப் பக்கம் நகர்கின்றன என்று கேமராவில் பார்த்தார்கள்; அவை விரிசல் இருந்த இடத்தைக் காட்டின. எந்த மாதிரியின் உள்ளீட்டுப் பட்டியலிலும் தேயிலை இருந்திருக்காது. ஆகையால், கையுறை அணிந்த கையோடு, களைப்பான ஒரு வேளையில், வாய்மொழியாகவே ‘இந்த வால்வை மாற்றினேன், பழையதைவிடத் துளை சிறியது’ என்றோ, ‘துணுக்குகள் இந்தப் பக்கம் போகின்றன’ என்றோ இரட்டைக்குச் சொல்லும் வழி இருக்க வேண்டும். தான் கேட்டதைப் புரிந்துகொண்ட விதத்தை இரட்டை உடனே திருப்பிக் காட்டவும் வேண்டும். இந்த ஒரு வசதிக்கு நீங்கள் செலவிடும் உழைப்பு, திரையில் வாழிடத்தை அழகான முப்பரிமாணப் படமாகக் காட்டுவதற்குச் செலவிடும் உழைப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பண்பும் இரட்டைக்கு வேண்டும். 2013 ஜூலை 9 அன்று விண்நடை முடிந்து நிலையத்துக்குத் திரும்பிய விண்வெளி வீரர் லூக்கா பர்மிதானோவின் தலைக்கவசத்தில் தண்ணீர் காணப்பட்டது. குடிநீர்ப் பையிலிருந்து கசிந்திருக்கும் என்று எண்ணி, ஒரு வாரம் கழித்து, ஜூலை 16 அன்று, அதே உடையில் அவரை மீண்டும் வெளியே அனுப்பினார்கள். இந்த முறை தண்ணீர் அவருடைய கண்களையும் மூக்கையும் மூடியது. பாதுகாப்புக் கயிற்றைப் பற்றிக்கொண்டே தடவித் தடவித்தான் அவர் நிலையத்துக்குள் வந்து சேர்ந்தார். உடையின் நீர்பிரிப்பானில் அடைப்பு ஏற்பட்டதே காரணம் என்பது பின்னர் தெரிந்தது. முதல் நாளிலேயே குடிநீர்ப் பை என்ற ஒரு விளக்கத்தோடு தேடல் முடிந்துபோனதுதான் அங்கே நேர்ந்த பிழை. ஒரு மாதிரி, மிகவும் இயல்பான விளக்கத்தை முதலில் வைப்பது சரியே. ஆனால் மற்ற விளக்கங்களையும் அருகில் வைத்து, எந்தச் சோதனையைச் செய்தால் எது நீங்கும் என்பதையும் சொல்லாவிட்டால், மனிதர்கள் செய்த அதே பிழையை அது இன்னும் வேகமாகச் செய்யும்.

இரட்டையை வாழிடத்துக்குள் வைப்பது எளிதன்று என்பதை அறிவேன். கதிர்வீச்சைத் தாங்கும்படி செய்யப்படும் கணினிகள் மெதுவானவை. செவ்வாயில் ஊர்ந்துவரும் கியூரியாசிட்டி ஊர்தியின் கணினி 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குவது. காற்றோட்டம் முழுவதையும் நுணுக்கமாகக் கணக்கிடும் மாதிரிகளை அத்தகைய கணினியில் ஓட்ட முடியாது. எனவே இரண்டு அடுக்குகள் வேண்டும். உயிர்காக்கும் அமைப்புகளுக்கான சுருக்கமான, வேகமான, எளிதில் சோதித்தறியத்தக்க இரட்டை, உறுதியான கணினியில் எப்போதும் ஓட வேண்டும். விரிவான மாதிரிகள், 2017 முதல் விண்வெளி நிலையத்தில் சோதிக்கப்பட்டுவரும், கதிர்வீச்சுக்கெனத் தனியாகச் செய்யப்படாத வணிகக் கணினிகள் போன்றவற்றில் ஓடலாம். அவை நின்றுபோனாலும் முதல் அடுக்கு குலையக் கூடாது. தரையில் இருக்கும் மாபெரும் மாதிரி இவ்விரண்டுக்கும் ஆசானாக இருந்து, வாரந்தோறும் திருத்தங்களை அனுப்பலாம். ஆனால் மேலே உள்ள இரட்டைக்கும் தரையில் உள்ள இரட்டைக்கும் முரண்பாடு வந்தால், வாழிடத்தின் இப்போதைய நிலை குறித்து மேலே உள்ளதே மூலமாகக் கொள்ளப்பட வேண்டும். தரைப்பிரதி எப்போதும் சில நிமிடங்கள் பழையது; குழுவினர் சற்றுமுன் செய்த திருத்தம் அதற்குத் தெரிந்திருக்காது.

மாதிரியைக் கொண்டு தானே பழுதறியும் கலம் என்பது புதிய கனவும் அன்று. 1999 மே மாதத்தில் டீப் ஸ்பேஸ் 1 என்ற ஆளில்லாக் கலத்தை, பூமியிலிருந்து கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில், ரிமோட் ஏஜென்ட் என்ற மென்பொருள் சிறிது காலம் தானே இயக்கியது. பொறியாளர்கள் செயற்கையாகப் புகுத்திய பழுதுகளை அது கண்டறிந்து சமாளித்தது. அதே சோதனையின் நடுவே, தரைச் சோதனைகளில் தலைகாட்டாத ஒரு முட்டுக்கட்டைப் பிழையால் (இரு செயல்கள் ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடும் பிழையால்) அந்த மென்பொருளே நின்றுபோகவும் செய்தது. இரட்டையும் பழுதாகும் பொருளே. அதை அணைத்துவிட்டு, கையில் இருக்கும் அழுத்தமானியையும் அச்சிட்ட நடைமுறையையும் கொண்டு வாழிடத்தை நடத்தும் பயிற்சி குழுவினருக்குத் தொடர்ந்து தரப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் விடையைக் கேட்டே பழகியவர், விடை கிடைக்காத நாளில் கேள்வியையும் மறந்திருப்பார்.

இதற்கான சோதனைக்களம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. 2010 முதல் 2011 வரை மாஸ்கோவில், செவ்வாய்ப் பயணத்தைப் போன்ற ஒரு சோதனையில், 520 நாள்கள் அறுவர் அடைபட்டிருந்தார்கள். ஹூஸ்டனில் 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நால்வர் 378 நாள்கள் செவ்வாய் வாழிடம் போன்ற ஒன்றில் வாழ்ந்தார்கள். இனி நடத்தப்போகும் இத்தகைய சோதனை ஒன்றில் மூன்று ஏற்பாடுகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டு வாரங்கள் தரையோடு தொடர்பை முற்றிலும் துண்டியுங்கள். அந்த நாள்களில், இரட்டைக்குத் தெரியாத ஒரு திருத்தத்தை வாழிடத்தில் முன்னதாகவே செய்துவைத்து, ஒரு சென்சாரையும் பொய் சொல்ல வையுங்கள். குழுவினர் எந்த நாளில் இரட்டையை நம்பினார்கள், எந்த நாளில் நம்பாமல் விட்டார்கள், இரண்டிலும் யார் சரி என்பதை அவர்களுடைய சொற்களிலேயே பதிவு செய்து, தோல்விகளையும் மறைக்காமல் வெளியிடுங்கள். அந்த அறிக்கை வெளிவரும் நாளில், அதை முதல் வரியிலிருந்து படிக்க என்னைப் போன்ற பராமரிப்புப் பணியாளர்கள் பலர் காத்திருப்போம்.

தங்கள் உண்மையுள்ள,
பழுதறியும் பணியிலிருக்கும் ஒரு பொறியாளர்